துக்கம் கேட்க வந்தவர்கள்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் மகள், லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் என் மகளுக்குப் பக்கத்து இயந்திரத்தில் லென்ஸ் தேய்க்கும் அவளுடைய தோழி, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவரான அவள் கணவர். மகளின் இரண்டு பெண்களையும் பின்னறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தோம். பெரியவளுக்கு எட்டு வயது. அவள் கதவில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. ஆகவே ஏழு பேர் என்று எழுதுவதே சரி.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுவது என் பழக்கம்.

அன்றைய விஷயம் இதுதான். அந்தத் தோழிக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. கருப்பையை எடுத்துத்தான் அவளைப் பிழைக்கவைத்தார்கள். அன்று ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் நின்றவள் என் மகள். இப்போது தோழிக்காகத் தான் ஒரு குழந்தையைச் சுமக்கப்போவதாக என் மகள் சொன்னாள். முட்டை தோழியுடையது, வித்து அவள் கணவருடையது. ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கி என் மகளின் வயிற்றில் வைப்பார்கள். பிறந்ததும் குழந்தை அதன் அம்மாவிடம் போய்விடும்.

"யார்கிட்ட கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"யார்கிட்டயும் கேக்கலப்பா. உங்ககிட்ட சொல்றோம்."

மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் எதையும் விளையாட்டாகச் சொன்னால்தான் அவருக்கு வாய் வரும். "லிஃப்ட் மாதிரின்னு வச்சுக்கங்க மாமா. ஆளை ஏத்துறோம், ஒம்பதாவது மாடியில பத்திரமா இறக்கி விடுறோம். ஏறுனவரு நம்ம வீட்டு ஆளா இருக்கணும்னு இல்லையே."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோழியும் சிரித்தவள், நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நல்ல உயரம். என் மகள் அவளை நெட்டை என்பாள். அவள் என் மகளைக் குட்டை என்பாள். நான் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. பெயர்ப்பலகைக்காரர் நகத்தில் ஒட்டியிருந்த நீலப் பெயின்டைச் சுரண்டியபடி, "உங்களுக்குச் சம்மதம் இல்லன்னா வேணாம் சார்," என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே," என்றாள் என் மகள். "அப்பா சரின்னு சொன்னா சந்தோஷம். சொல்லலன்னாலும் குழந்தை உண்டு."

எங்கள் வீட்டைப் பற்றித் தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசும்படி எதுவும் நடந்ததில்லை. என் தகப்பனார் காலத்திலும் நடக்கவில்லை, என் காலத்திலும் நடக்கவில்லை. அது தானாக அமைந்துவிடவில்லை. யாரோடு பழகுவது, எதை வெளியே சொல்வது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று பார்த்துப் பார்த்துக் காத்தது. அதை அவர்களுக்குச் சொல்லலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகு, தோழியின் கை என் மகளின் முந்தானை நுனியைப் பிடித்திருப்பது தெரிந்தது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஒப்புதல் எழுதிக்கொடுக்கும் நாளில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுப் பெரியவன் இல்லாமல் கையெழுத்து நடப்பது முறையல்ல என்பது என் எண்ணம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா நான்கு பேரிடமும் தாள்களைத் தள்ளினார். என் பக்கம் எதுவும் வரவில்லை.

"எனக்கு எங்கம்மா?"

"நீங்க யாரு சார்?"

"அவளோட அப்பா."

"உங்களுக்கு எதுவும் இல்ல சார். அவங்க பெரியவங்க. அவங்க கையெழுத்து போதும்." பிறகு இரக்கப்பட்டதுபோல, "வேணும்னா தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். அலுவலகத்தில் என் கையெழுத்துக்காக வரிசையில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அன்று அந்த அறையில் என் கையெழுத்துக்கு ஒரு கோடுகூடப் போட்டுவைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் வயிறு வெளியே தெரிந்தது. மகளும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எங்கள் வீட்டின் பின்பகுதியில்தான் குடியிருந்தார்கள். மாடியில் ஒரு டீச்சர் குடியிருந்தார். கணக்குப் பாடம் எடுப்பவர், தனி ஆள், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். ஒரு காலையில் அவர் படியிறங்கி வர, நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தேன். அவர் நின்று, சிரித்த முகமாக, "சார், பொண்ணுக்கு மூணாவதா? சந்தோஷம்," என்றார்.

"ஆமாம்மா. மூணாவது," என்றேன்.

அது பொய். யோசித்துச் சொன்னதல்ல. அடுத்தவர் பிள்ளையை என் மகள் சுமக்கிறாள் என்ற வாக்கியம் என் வாயிலிருந்து அந்தப் படிக்கட்டில் விழக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ஒரு படி ஏறுவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் யாரிடம் சொன்னாரோ, சாயங்காலத்துக்குள் அது தெரு முழுக்கப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு தபால்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன சார், தாத்தா வேலையில மறுபடி எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்களாமே!" என்று கத்தினார். நானும் சிரித்துவைத்தேன்.

மகள் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னப்பா சொன்னீங்க டீச்சர்கிட்ட?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"பட்டறையில எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்க ஸ்கூல்ல தெரியும். நானே இந்த ஞாயித்துக்கிழமை டீச்சரம்மாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லேன். உன் வாயை யாரு பிடிச்சாங்க?"

"நீங்கதான் பிடிச்சிருக்கீங்க. நான் உண்மையைச் சொன்னா எங்கப்பா பொய் சொன்னாருன்னு ஆகும். தெருவுல நின்னு அப்படி ஒரு பேச்சு என் வாயில வராதுப்பா." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க சொன்னது. நீங்களே மாத்திச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வீட்ல யாரும் வாய் திறக்க மாட்டோம்."

"சொல்றேன்," என்றேன்.

மாப்பிள்ளையிடமும் அப்படியே சொல்லிவைத்தாள். என் மனைவியிடம், "நீயாவது பேச்சோடு பேச்சாச் சொல்லிடேன்," என்று நான் கேட்டுப் பார்த்தேன். அவள் துணியை உதறிக்கொண்டே, "நாப்பது வருஷமா உங்க வார்த்தைக்கு மேல வார்த்தை பேசாதேன்னு வச்சிருந்தீங்க. இப்ப மட்டும் பேசச் சொன்னா எப்படி? பழக்கமில்ல," என்றாள்.

முதலில் தபால்காரரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவர் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தி, பின்னிக்கொண்டிருந்த கம்பளித் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். என் முஷ்டி அளவுகூட இல்லை. "மஞ்சள்ல போட்டிருக்கேண்ணே. ஆணுக்கும் ஆச்சு, பொண்ணுக்கும் ஆச்சு. உங்க தலை சைஸு வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே பின்றேன்." தபால்காரர் உள்ளேயிருந்து சிரித்தார். தொப்பியை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்து, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்துதான் எனக்குத் தெரிந்த வேலை. நான்கு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவதை என் மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'மேற்படி சிசுவின் மீது எங்களுக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் இல்லை.' ஏங்க, இதைப் படிச்சா வீட்டை வித்துட்டு ஊரைவிட்டுப் போறோம்னு நினைப்பாங்க." தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்று நடந்தது. டீச்சர் ஒரு பெட்டி நிறையப் பழைய குழந்தைத் துணி கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து இஸ்திரி போட்டு, நடுவில் தாள் வைத்து மடித்த துணிகள். கல்யாணமே செய்துகொள்ளாதவர் வீட்டில் குழந்தைத் துணி ஏது என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா தங்கை பிள்ளைகளுடையதாக இருக்கும் என்று வாங்கி அலமாரி மேல் வைத்தேன். மகள் அந்தப் பெட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். மாற்றிச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பதை ஏழாம் மாதத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

பிரசவம் ஒரு வியாழக்கிழமை காலை. தோழியை உள்ளே விட்டார்கள். வராந்தாவில் பெயர்ப்பலகைக்காரரும் நானும் மாப்பிள்ளையும் இருந்தோம். பெயர்ப்பலகைக்காரர் உட்காருவார், எழுவார், சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைத் தடவுவார். "எழுத்து கோணலா இருக்கு," என்று சொல்வார். மறுபடி உட்காருவார். மாப்பிள்ளை, "எட்டாவது மாடி தாண்டியாச்சுண்ணே, கதவு திறக்கணும் அவ்வளவுதான்," என்று அவர் முதுகில் கை வைத்தார். கை வைத்த மாப்பிள்ளைக்கும் வேர்த்துத்தான் இருந்தது.

நர்ஸ் துணிப்பொதியோடு வந்து, "தாத்தா யாரு?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். இரண்டு தடவை அந்தக் கேள்விக்கு எழுந்து நின்ற உடம்பு. எழுந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. "அப்பா இவருதான்," என்று பெயர்ப்பலகைக்காரரைக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துத் துடைத்து நீட்டினார். ஆண் குழந்தை. என்னிடம் யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மகளைப் பார்க்க விட்டபோது அவள் களைத்துக் கிடந்தாள். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தோழி அழுதுகொண்டிருந்தாள். "பாத்தீங்களாப்பா? நெட்டையோட மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு," என்றாள் மகள். "போதும்டி நெட்டை, அழுது அழுது மெத்தையை நனைச்சுடாதே, நான்தானே படுக்கணும்." அவள் முகத்தில் குறை எதுவும் இல்லை. தன் சொந்தப் பிள்ளைகள் பிறந்தபோதுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்; எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகைக்காரில் வீட்டுக்கு வந்தோம். தெரு விழித்து, வாசல்களில் ஆள் இருக்கும் நேரம். மாப்பிள்ளை முதலில் இறங்கிப் பையை எடுத்தார். பிறகு என் மகள் இறங்கினாள். கையில் ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே நின்றதைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த ஈரத்துணி நழுவிக் கீழே எங்கள் வாசலில் விழுந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமலே புரிந்துகொண்டிருந்தார்கள். தபால்காரர் தன் வீட்டிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிவந்து எங்கள் கூடத்தில் போட்டார். ஆண்கள் அவற்றில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னறையில் என் மகள் படுத்திருந்த கட்டிலைச் சுற்றிப் போய்விட்டார்கள். தபால்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசைத் தளரவிடாதீங்க சார். நீங்களே உடைஞ்சா வீடு என்னாகும்?" என்றார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. நான்கு மாதம் எங்கள் வேலிப்பக்கம் நின்று சிரித்த மனிதர். நீங்கள் அழுவதற்கு ஒன்றும் இல்லை, நான்தான் உங்களைச் சிரிக்கவும் வைத்தேன், அழவும் வைக்கிறேன் என்று எப்படித் தொடங்குவது?

"ம்," என்றேன்.

அந்த ஒரு எழுத்தோடு நான் துக்கவீட்டுக்காரன் ஆகிவிட்டேன். ஒவ்வொருவராக வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் டீச்சர். மற்ற பெண்கள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அடங்கி, டீச்சர் குரல் மட்டும் கேட்டது. பாடம் சொல்வதுபோல் நிதானமான குரல்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. பதினோரு நாள். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கல்யாணம் ஆகாம பொறந்ததுன்னு எங்க வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசவே விடல. உனக்குக் குடுத்த துணியெல்லாம் அதுக்குன்னு வாங்கினது. பாதிக்கு மேல போடவே இல்ல. அழணும்னா அழு. எனக்கு அழக்கூட விடல. உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க."

என் மகள் அழவில்லை. டீச்சரைக் கிட்டே இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் தோளில் முகத்தை வைத்து டீச்சர்தான் அழுதார். டீச்சரின் தலைக்கு மேலாக என் மகள் கதவு வழியே என்னைப் பார்த்தாள். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. காத்துக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கையில் பால் கசிந்து ஈரமாகியிருந்தது. பால் நிற்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், இன்னும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அதைப் பார்த்து இன்னும் அழுதார்கள்.

அப்போது பெரிய பேத்தி கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி, "எதுக்கு எல்லாரும் அழறீங்க? பாப்பா சாகல. நெட்டை அத்தை வீட்ல இருக்கு. அது நெட்டை அத்தை பாப்பாதான்," என்றாள்.

தபால்காரரின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு, "ஐயோ என் கண்ணே. குழந்தைக்கு என்னத்தையோ சொல்லி ஆறுதல் பண்ணி வச்சிருக்காங்க," என்று விம்மினார்.

"சும்மா சொல்லல. தாத்தாவைக் கேளுங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார். என் மனைவி சமையலறை வாசலில் தம்ளர்த் தட்டோடு நின்றாள். உள்ளே டீச்சரும் தலையைத் தூக்கி, நனைந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். இருபத்திரண்டு வருடம் மூடிவைத்திருந்ததை அந்த அம்மாள் இப்போதுதான் என் வீட்டில், என் பொய்யை நம்பித் திறந்து வைத்திருந்தார். அதை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று எழுதலாம். எழுதினால் முழு உண்மையாகாது. அத்தனை பேர் முன்னால் என் பேத்தி சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள என் கழுத்து வளையவில்லை.

பேத்தியின் தலையில் கை வைத்தேன். "உள்ள போம்மா," என்றேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். என் மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டு டீச்சரின் முதுகைத் தடவிக்கொடுக்கத் தொடங்கினாள்.

மகள் வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள் சாமான் கட்டினார்கள். பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தாகிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. மகள் கடைசிப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் முடிச்சில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"உடம்பு தேறட்டும். ஒரு மாசம் கழிச்சுப் போயேன்," என்றேன்.

"நெட்டை குழந்தையைத் தூக்கிட்டு என்னைப் பாக்க வரணும்ங்கிறா. எங்க வரச் சொல்றது? இந்த வாசல்லயா? டீச்சரம்மா பாத்தா என்ன சொல்றது?"

"நான் சொல்லிடறேன். இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"வேணாம்பா. இனிமே டீச்சரம்மாகிட்ட சொல்லவே கூடாது. அவங்க அன்னைக்கு எனக்குன்னு சொன்னது அது. அதை நீங்க புடுங்காதீங்க." கயிற்றை இறுக்கினாள். என் விரலைத் தானே எடுத்துவிட்டாள். "என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே பெரிய காரியம்ப்பா இது. அதுக்கு நீங்க துக்கம் கேக்க ஆள் கூட்டி உக்கார வச்சீங்க."

பெட்டியின் மறுமுனையை நான் தூக்கிக் கொடுத்தேன்.

அவர்கள் போன மறுநாள் தபால்காரரிடம் போனேன். அவரிடமாவது சொல்லலாம் என்று. "குழந்தை உயிரோட இருக்குங்க," என்றேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மனைவியைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "இருக்கும் சார். நம்ம மனசுல எப்பவும் இருக்கும்," என்றார். விளக்கிச் சொன்னேன். முட்டை, ஆய்வகம், தோழி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அன்று மாலை என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, எனக்குத் தூக்கம் சரியாக வருகிறதா என்று விசாரித்திருக்கிறார்.

டீச்சர் இப்போதெல்லாம் வாரம் ஒரு முறை கீழே வருகிறார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். சில நாள் அந்தப் பதினோரு நாட்களைப் பற்றி என் மனைவியிடம் கொஞ்சம் பேசுவார். அப்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். என் மனைவி சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போகிறாள். தோழியும் குழந்தையோடு அங்கே வருகிறாளாம். குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறானாம். நீங்களும் வாங்க என்று என் மனைவி என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்லி மகளிடமிருந்தும் வரவில்லை.

பிறந்த குழந்தை இறந்துவிட்டது, அந்தத் துக்கம் தாங்காமல்தான் மகள் இந்த வீட்டைவிட்டுப் போனாள் என்று தெருவில் சொல்கிறார்கள். அது தவறு. குழந்தை நன்றாக இருக்கிறான், தன் அப்பா அம்மாவோடு. என் மகள் போனது என்னால்.